கொடுத்தவர் கொடியசைக்கட்டும்

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்து, அவர் தேறி நடமாடத் தொடங்கிவிட்டால், அந்த நன்றியை ஓர் ஓட்டமாக நடத்திக் காட்ட மனம் விரும்புவது இயல்பு. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதை இருக்கிறது. வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். ஆனால் நிதி திரட்டுவதை முதல் நோக்கமாக வைக்காதீர்கள் என்பேன். பனியன், பதக்கம், தண்ணீர், ஆம்புலன்ஸ் என்று நுழைவுக் கட்டணத்தில் பெரும்பங்கு ஓட்டத்துக்கே போய்விடும். அந்தக் காலைப்பொழுது தரக்கூடிய பெரிய வரவு வேறு: ஒரே வீட்டார் சேர்ந்து நின்று உறுப்புக் கொடையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் வாய்ப்பு.

மூளைச்சாவு அடைந்தவர் முன்பே கொடையாளர் அட்டையில் கையெழுத்திட்டிருந்தாலும், குடும்பத்தார் சம்மதிக்காமல் நடைமுறையில் உறுப்புகளை எடுப்பதில்லை. மருத்துவமனை வராந்தாவில், அழுகைக்கு நடுவே, முதல்முறையாகக் கேட்கப்படும் கேள்விக்கு எத்தனை பேரால் 'சரி' சொல்ல முடியும்? 2008 செப்டம்பரில், மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் சொன்னார்கள். அவர்கள் மருத்துவர்கள், மூளைச்சாவு என்றால் என்னவென்று அறிந்தவர்கள். அந்தப் பிள்ளையின் இதயம் வந்து சேர்ந்தது ஆவடிக்குப் பக்கத்து முகப்பேர் மருத்துவமனைக்குத்தான். 2023 முதல் தமிழ்நாட்டில் உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அப்படியும் இந்தியாவில் மாற்றப்படும் சிறுநீரகங்களில் பெரும்பாலானவை உயிரோடிருப்பவர் கொடுப்பவை. கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். அம்மாவோ மனைவியோ கொடுத்திருக்க, பேனரில் சிறுநீரகம் பெற்றவர் படம் மட்டும் இருப்பது நியாயமா? கொடுத்தவருக்குச் சம்மதமானால் அவரையே கொடியசைக்கச் சொல்லுங்கள். 'ஒரு கிட்னியோடு எப்படி வாழ்வது' என்று பயப்படுகிறவர்கள் கண்ணால் பார்க்க வேண்டியது அவரைத்தான்.

மருந்துக்கே வழியில்லாதவருக்குப் பேச்சு என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைக்குக் கைகொடுத்தாலும், புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். ஆகவே பணம் கேளுங்கள், ஆனால் நுழைவுக் கட்டணத்தோடு கலக்காதீர்கள். நம்பகமான அறக்கட்டளை ஒன்றின் கணக்குக்கு நேரடியாகப் போகட்டும், ரசீதையும் அவர்களே தரட்டும். ஓட்டத்தில் மிச்சமா நட்டமா என்பது கொடையைத் தொடக்கூடாது.

மாற்றுச் சிறுநீரகத்தோடு ஓடலாமா என்ற தயக்கமும் எழும். உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்கென்றே உலக விளையாட்டுப் போட்டி 1978 முதல் நடக்கிறது. மருத்துவர் அனுமதித்தால் ஓடலாம், நடப்பதும் கௌரவம்தான். புதிய சிறுநீரகம் முன்பக்கம் அடிவயிற்றில் இருப்பதால் நெரிசலில் இடிபடாமல், அதைப் பெற்றவரைத் தனி வரிசையில் முதலில் அனுப்புங்கள். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: முதலுதவி மேசையில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வைக்காதீர்கள். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த வலி மாத்திரைகள் நல்ல சிறுநீரகத்தையே பழுதாக்கக்கூடும். கால் பிடித்துக்கொண்டால் ஐஸ் கட்டியும் சற்று ஓய்வும் போதும்.