குப்பை ஏற்றும் தொழில்: சவளக்கடை இளைஞருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் இரும்புத் தொட்டியை வாசலில் வாடகைக்கு வைப்பார்கள். நிரம்பியதும் லொறி வந்து தூக்கிப்போகும். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்வது உழவு இயந்திரப் பெட்டியும் டிப்பரும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனையில் பழைய வீட்டை உடைத்து மாடி கட்டும்வரை, ஏற்றிப் பறிக்க ஆள் தேவை.

1. சபையா, தனியாரா?

நாவிதன்வெளி பிரதேச சபை, கல்முனை மாநகர சபை போன்றவற்றில் தொழிலாளியாகவோ சாரதியாகவோ சேரலாம். தொடக்கம் பெரும்பாலும் அமைய அடிப்படையில்தான். நிரந்தர நியமனத்துக்குப் பொறுமை வேண்டும். தனியாரிடம் லோட்டுக்குக் கூலி. மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால் கல்முனைப் பாதையே நின்றுவிடும். ஆகவே நவம்பர், டிசம்பர் வருமானத்தைக் குறைத்தே கணக்குப் போடுங்கள்.

2. லைசன்ஸ்

உழவு இயந்திரத்துக்கு ஜி வகுப்பு. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட டிப்பருக்கு சி1. 17,000 கிலோவைத் தாண்டினால் சி. கார் லைசன்ஸை நம்பி டிப்பரில் ஏறவே வேண்டாம்.

3. எங்கே பறிப்பது?

தொழிலின் உயிர்நாடி இதுதான். உடைத்த கல்லையும் சீமெந்துக் கட்டியையும் "வயல் பள்ளத்தில் பறி" என்று முதலாளி சொல்லக்கூடும். அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி குற்றம். கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். வீட்டுக் குப்பையென்றால் சபை காட்டும் இடத்தில் மட்டும் பறியுங்கள்.

ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீனோடு சோற்றை மேயும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒழுங்கில்லாமல் குப்பையைக் குவிப்பதன் விலையை ஏழைகளும் வாயில்லா ஜீவன்களுமே கொடுக்கிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

பிரித்து ஏற்றப் பழகுங்கள். இரும்பு, காட்போட், போத்தல் தனியே வந்தால் பழைய சாமான் கடையில் காசு. உக்கும் குப்பை பசளையாகும். புதிதாக வருகிறவருக்கு வேலை விரியும் திசை இதுவே என்பது என் கணிப்பு.

4. சம்பளம்

தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 சதவீதம் பிடிப்பார்கள்; முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் முதலாளியே இன்னும் 3 சதவீதம் போட வேண்டும். நாட்கூலிக்காரருக்கும் இந்த உரிமை உண்டு. சேரும் நாளிலேயே கேளுங்கள்.

5. உடம்பு

தடித்த கையுறை, முழங்கால் சப்பாத்து, ஏற்புவலி ஊசி மூன்றும் இல்லாமல் இறங்காதீர்கள். சாக்கைத் தோளில் போட வேண்டாம். அடியில் கண்ணாடி கிடக்கும். சாக்கின் வாயைப் பிடித்து உடம்பிலிருந்து தள்ளித் தூக்குங்கள். மழைநாளில் வேலை செய்துவிட்டுக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.