நீர்ச்செடித் தொட்டிக்கு அடிமண் தெரிதல்

சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளை எதிர்பார்த்துப் பிறர் வளவில் வாழும் குடும்பங்கள் சில, கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்த்து விற்கலாமா என எம்மிடம் கேட்டுள்ளன. வளர்க்கலாம். வேறிடம் போக நேர்ந்தாலும் கையோடு கொண்டு செல்லக்கூடிய பயிர் இது. இலங்கையிலிருந்து அலங்கார மீன்களுடன் நீர்ச்செடிகளும் ஏற்றுமதியாகின்றன. ஆயினும் வாங்குபவர் யார் என்று விசாரித்த பின்னரே காசைப் போடுங்கள். இம்முறை தொட்டியின் அடியில் எதை இடுவது என்பதை மட்டும் பார்ப்போம். அது பிழைத்தால் எல்லாவற்றையும் கிண்டி எடுத்துத்தான் திருத்த வேண்டும்.

மிதக்கும் பாசி வகைகள் நீரிலிருந்தே உணவை எடுக்கும். அவற்றுக்கு அடிமண் தேவையில்லை. கிரிப்டோகொரைன் அப்படியல்ல. இதன் பல இனங்கள் இலங்கைக்கே உரியவை. ஈரவலய ஓடைகளில் வளர்பவை. அவற்றுள் கிரிப்டோகொரைன் வென்ட்டி என்பது தொடக்கக்காரருக்கு ஏற்றது. இது பெரும்பாலும் வேரால் உண்ணும் செடி. வெறும் கழுவிய மணலில் நட்டால் உயிரோடிருக்கும், பெருகாது. பெருகாத செடியில் விற்க எதுவும் இராது. (ஓடையில் பிடுங்க வேண்டாம், வளர்ப்போரிடம் நாற்று வாங்குங்கள்.)

ஆகவே இரண்டு படை வேண்டும்: கீழே மண், மேலே மணல்.

மணலை முதலில் சோதியுங்கள். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் உண்டு. ஒரு பிடி மணலில் வினாகிரி, இல்லாவிடில் தேசிக்காய்ச் சாறு விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது; அது கரைந்து நீரை மேலும் கடினமாக்கும். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக வருவதால் ஏற்கெனவே கடினமானது. அங்கே இச்சோதனையைத் தவறவிடக் கூடாது. ஆற்று மணல் நல்லது. குரக்கனுக்கும் பயறுக்கும் இடைப்பட்ட பருமன் போதும். மிக நுண்ணியது இறுகி வேரை நெரிக்கும். சல்லி போன்றதில் அழுக்கு இறங்கித் தங்கும். வாளியில் இட்டு, நீர் தெளியும்வரை கழுவுங்கள்.

மண் விடயத்தில் நாமே பிழைவிட்டோம். நெல்லுக்கு நல்லது இதற்கும் நல்லதுதானே என்று குளத்துச் சேற்றுடன் மாட்டெருவைக் கலந்து இட்டோம். பத்து நாளில் நீர் பச்சையாயிற்று. விட்டிருந்த கப்பி மீன்கள் செத்து மிதந்தன. எரு அழுகும்போது அமோனியா வெளிவருகிறது. வயலில் அது காற்றிலும் ஓடும் நீரிலும் கலைந்துவிடும். மூடிய தொட்டியில் போக வழியில்லை. யூரியா இட்டாலும் இதே கதிதான். அண்மையில் பூச்சிமருந்து அடித்த வயல் மண்ணும் மீனுக்கு நஞ்சு.

எரு படாத சாதாரண தோட்டத்து மண்ணே போதும். வேர், சருகு நீக்கி அரியுங்கள். நனைத்து, வெயிலில் பரப்பி உலர்த்தி, மீண்டும் நனையுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் அழுகக்கூடியது பெரும்பாலும் தொட்டிக்கு வெளியிலேயே அழுகித் தீரும். ஒரு பிடி செம்மண் சேர்த்தால் இரும்புச் சத்துக் கிடைக்கும். களி அதிகமா என அறிய, போத்தலில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடையும். களி ஒருநாள் கழித்தும் கலங்கலாய் நிற்கும். களி மிகுந்தால் மணல் கலவுங்கள்.

2 அடி நீளமும் 1 அடி அகலமுமான தொட்டிக்கு மண் 1 அங்குலம், மேலே மணல் ஒன்றரை அங்குலம். அதாவது மண் ஏறக்குறைய 5 லீற்றர், மணல் 7 லீற்றர். மண்ணைத் தடிப்பாக இட்டால் அடியில் காற்றுப்படாமல் கூழ்முட்டை நாற்றம் வரும். மணலின்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் நீரை மெல்ல ஊற்றினால் படைகள் கலையா. முதல் இரு வாரமும் ஒன்றுவிட்ட ஒருநாள் பாதி நீரை மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டு மூன்று கப்பிகளை மட்டும் விட்டுப் பாருங்கள்.

நட்ட சில நாளில் கிரிப்டோகொரைன் இலைகள் கரைந்து போகக்கூடும். அடிமண் பிழைத்ததென்று பதறிப் பிடுங்காதீர்கள். இடம் மாறினால் அது அப்படித்தான் செய்யும். கரைந்த இலைகளை மட்டும் அகற்றுங்கள். கிழங்கு உறுதியாக இருந்தால் சில வாரங்களில் குருத்து வரும்.