மின்னணுக் கையொப்பம்

தாளில் இட்ட கையொப்பத்தைப் படமெடுத்து ஆவணத்தில் ஒட்டுவது இலக்கமுறைக் கையொப்பம் ஆகாது. அப்படத்தை எவரும் வெட்டி வேறோர் ஆவணத்தில் ஒட்டிவிடலாம். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கும் இலக்கமுறைக் கையொப்பமோ ஆவணத்தின் ஒவ்வோர் எழுத்தோடும் பிணைந்தது. ஒப்பமிட்டபின் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு சுழியைக் கூட்டினாலும், சரிபார்க்கும்போது அம்மாற்றம் வெளிப்பட்டுவிடும். தாளில் இடும் ஒப்பத்துக்கு இக்காவல் இல்லை.

ஆயினும், ஒப்பமிடும் தனித்திறவுகோல் யார் கையில் உள்ளது என்பதைக் கணினி அறியாது. அத்திறவுகோல் அடங்கிய டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் கணக்கரிடமே விட்டுவைப்போர் பலர். அது வெற்றுத்தாளில் ஒப்பமிட்டுக் கொடுப்பதேயாம். ஆதார்வழி ஒப்பத்தில், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லே நம் இசைவாகக் கொள்ளப்படும். கேட்பவர் உறவினரேயாயினும் அதனைச் சொல்லாது, ஆவணத்தை முழுதும் படித்தபின் நாமே உள்ளிடல் வேண்டும். உயிலுக்கு இச்சட்டம் பொருந்தாது. அது இன்றும் தாளில்தான்.