உப்புக் காற்றும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும்

தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் சும்மா நிற்கிறது. வீட்டிலேயே சரிசெய்து, வேகமான இன்ஜின் போடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

தாராளமாக. ஆனால் இன்ஜின் அப்புறம். முதலில் காருக்கு அடியில் படுத்து, சேஸிஸின் பக்கச் சட்டங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்று அங்கேதான் அரிக்கும். நுனி உள்ளே இறங்கினால், பட்டி பார்த்து மறைக்காதீர்கள். துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். அதற்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள்.

சென்னையில் தயாரான உங்கள் கார், 1962-ல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் அதை உருவாக்கினார்கள். அதன் 1147 சிசி இன்ஜினும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் இதற்கு ஒத்துப்போகும். இன்ஜினை மாற்றுமுன் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள். பிரேக்கை மாற்றாமல் வேகத்தைக் கூட்டவே வேண்டாம்.