தேங்கிய பழைய வீடியோ கேம்களை ஆடி முடிக்க

● பட்டியல்: வாங்கியும் ஆடாமல் கிடக்கும் விளையாட்டுகளை ஒரே ஏட்டில் எழுதி, 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ போல ஓர் அமர்வில் முடிக்கத்தக்கவற்றையும், 1997இல் மூன்று குறுந்தகடுகளில் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ போலப் பல வாரங்கள் நீள்பவற்றையும் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும்.

● வரிசை: நெடியது ஒன்று, குறுகியது ஒன்று என இரண்டை மட்டும் ஒரே காலத்தில் ஆடினால், கதைப்போக்கும் பொத்தான்களின் பயன்பாடும் மறவாமல் நிற்கும்.

● சேமிப்பு: ஆட்டம் நின்ற இடத்தைப் பதிந்துவைக்கும் ‘சேவ்’ வசதி, பழைய கார்ட்ரிட்ஜ்கள், அதாவது விளையாட்டு அடங்கிய செருகுபெட்டிகள், பலவற்றில் உள்ளிருக்கும் சிறு மின்கலத்தைச் சார்ந்திருப்பதாலும், அது தீர்ந்தால் பதிவு அழிந்துவிடுவதாலும், நெடிய ஆட்டத்தைத் தொடங்குமுன் பற்றவைப்பு அறிந்தவரைக் கொண்டு அதனை மாற்றிவிடுவது நல்லது.

● கடவுச்சொல்: 1988இல் வெளிவந்த ‘மெகா மேன் 2’ போன்றவை சேமிப்புக்கு மாற்றாகக் கடவுச்சொல்லையே தருவதால், அதனை உடனே குறித்துக்கொள்வதோடு, எந்த விளையாட்டாயினும் நிறுத்தும்போது அடுத்துச் செய்யவேண்டியதையும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும்.

● விடுதல்: சில மணி நேரம் ஆடியும் ஈர்க்காத விளையாட்டைத் தயக்கமின்றிப் பட்டியலிலிருந்து நீக்கலாம்; ஏனெனில் பட்டியலைத் தீர்ப்பதைவிட, ஆடும் ஒன்றை முழுமையாகச் சுவைப்பதே முதன்மையானது.