படைத்தலும் புறந்தருதலும்: புரொமீத்தியஸ் தொன்மமும் ‘பிராங்கென்ஸ்டைன்’ புதினமும்

முன்னுரை

மேரி ஷெல்லியின் ‘பிராங்கென்ஸ்டைன்’ புதினம் 1818ஆம் ஆண்டு இலண்டனில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. ‘நவீன புரொமீத்தியஸ்’ என்பது அதன் துணைத்தலைப்பு. இத்துணைத்தலைப்பைக் கொண்டு, வரம்பு மீறிய அறிவுவேட்கை தண்டனைக்குள்ளாகும் என்பதே இரு கதைகளுக்கும் பொதுவான கரு எனக் கொள்வது பெருவழக்கு. தொன்மத்தின் வெவ்வேறு வடிவங்களைப் பிரித்தறிந்து ஒப்பிடும்போது அக்கருத்து முழுமையுடையதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தொன்மத்தின் மூன்று வடிவங்கள்

கி.மு. 700 அளவில் வாழ்ந்த ஹெசியோடின் பாடல்களில் புரொமீத்தியஸ் நெருப்பைக் கவர்ந்தவன். மனிதரைப் படைத்தவன் அல்லன். அங்கு மண்ணால் வனையப்படுபவள் பண்டோரா, வனைபவன் ஹெபைஸ்டஸ். ஈஸ்கிலஸின் பெயரால் வழங்கும் ‘கட்டுண்ட புரொமீத்தியஸ்’ நாடகத்தில் அவன் மனித குலத்தின் ஆசான். நெருப்போடு எண், எழுத்து, மருத்துவம், கப்பல் முதலியவற்றையும் அவனே வழங்குகிறான். கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய உரோமானியக் கவிஞர் ஓவிட், மண்ணையும் நீரையும் குழைத்துக் கடவுளரின் சாயலில் மனிதரை வனைந்தவனாக அவனைச் சுட்டுகிறார். ஆக, வனைதல், வழங்குதல், கற்பித்தல் என்னும் மூன்று செயல்கள் அப்பெயரின்கீழ் ஒன்றுகூடியுள்ளன.

புதினத்தில் நிகழும் பிளவு

விக்டர் பிராங்கென்ஸ்டைன் இவற்றுள் முதலாவதை மட்டுமே மேற்கொள்கிறான். இங்கோல்ஸ்டாட் நகரில் தன் படைப்பு விழி திறந்த அப்பொழுதே அதன் தோற்றத்துக்கு அஞ்சி ஓடுகிறான். அதற்குப் பெயரும் இடவில்லை. எஞ்சிய இரு செயல்களும் அவன் துணையின்றியே நிகழ்கின்றன. காட்டில் இரவலர் விட்டுச்சென்ற நெருப்பைப் படைப்புயிரி தற்செயலாகக் காண்கிறது. அதன் வெம்மையில் மகிழ்ந்து, கையிட்டுச் சுட்டுக்கொண்டு, அதன் இயல்பை அறிகிறது. டி லேசி குடும்பத்தினர் அரபுப் பெண்ணொருத்திக்கு மொழி கற்பிப்பதைச் சுவர் இடுக்கின் வழியே கண்டும் கேட்டும் சொல்லையும் எழுத்தையும் கற்கிறது. நாடகத்தில் கொடையாக வந்த நெருப்பும் எழுத்தும் புதினத்தில் கொடுப்பவர் இன்றியே பெறப்படுகின்றன. ‘நவீன’ என்னும் அடைமொழியின் பொருள் இவ்விடத்தில் விளங்குகிறது.

தண்டனையின் வேறுபாடு

தொன்மத்தில் தண்டிப்பவன் சீயஸ். மனிதர்பால் கொண்ட பரிவே புரொமீத்தியஸ் பாறையில் பிணிக்கப்படக் காரணம். கழுகு நாள்தோறும் அவன் ஈரலை உண்கிறது. எனினும் மனிதர் அவனுக்குப் பகையல்லர். புதினத்தில் தண்டிக்கும் கடவுள் இல்லை, படைப்பே தண்டிக்கிறது. ஆயினும் அத்தண்டனை உடனே தொடங்கவில்லை. சிறுவன் வில்லியத்தைக் கொன்ற பின்னும் படைப்புயிரி விக்டரிடம் தன் கதையைக் கேட்குமாறு வேண்டி, ஒரு துணையை மட்டும் கோருகிறது. விக்டர் இசைந்து, பின் தான் உருவாக்கிவந்த பெண்ணுருவைச் சிதைத்த பின்னரே கிளெர்வலும் எலிசபெத்தும் மாள்கின்றனர். புறக்கணிப்பு ஒவ்வொன்றையும் ஓர் அழிவு தொடர்வதாகக் கதை அமைந்துள்ளது.

ஈண்டு ஒரு தடை எழலாம். விக்டரே தன் அறிவுவேட்கையைப் பழித்து வால்டனை எச்சரிக்கிறானே என்பது அது. அவ்வெச்சரிக்கை பாத்திரத்தின் கூற்று. ஆசிரியரின் முடிவெனக் கொள்ளல் பொருந்தாது. புதினத்தின் நடுப்பகுதியைப் படைப்புயிரியின் குரலுக்கே ஒதுக்கியிருக்கும் கதையமைப்பு அக்கூற்றை எதிர்கொள்கிறது. வேட்கையைக் குற்றமாக்கும் விக்டர், கைவிடுதலைக் குற்றமாக உணர்ந்தும் உணராதவனாகவே இறக்கிறான்.

முடிவுரை

இறுதியில் படைப்புயிரி வடதுருவப் பகுதியில் தானே தீ மூட்டி மாயப்போவதாகக் கூறி மறைகிறது. மனிதர் வாழக் கவர்ந்துவரப்பட்ட நெருப்பு, வாழ இடம் பெறாத உயிருக்கு ஈமத்தீ ஆகிறது. படைத்தலைப் புறந்தருதலினின்று பிரித்ததே விக்டரின் பிழை எனவும், தொன்மத்தை வழிமொழியாமல் அதனைத் தலைகீழாக்கியே இப்புதினம் தன் அறத்தை உணர்த்துகிறது எனவும் இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது.