வெள்ளைப்படுதல்: எதற்கு டாக்டரிடம் போக வேண்டும்?

"எலும்பு உருகுகிறது" என்ற பேச்சை நம்பாதீர்கள். வெள்ளைப்படுதல் பெரும்பாலும் கருப்பை வாயும் பிறப்புறுப்பும் தம்மைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் இயல்பான கசிவு.

1. நிறம், வாடை பாருங்கள். தெளிவாகவோ வெள்ளையாகவோ, துர்நாற்றமும் அரிப்பும் இல்லாமல் இருந்தால் பயமில்லை. மாதவிடாய்களுக்கு நடுவில் வழுவழுப்பாக இழுபட்டால் கருமுட்டை வெளிவரும் நேரம்.

2. தயிர்த் திப்பியாக, அரிப்போடு வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் நிறம், மீன் வாடை என்றால் பாக்டீரியா. மஞ்சள் பச்சையாக நுரைத்தால் டிரைகோமோனாஸாக இருக்கலாம். அது உறுதியானால் கணவரும் மருந்து சாப்பிட வேண்டும், இல்லையெனில் திரும்ப வரும்.

3. உள்ளே சோப்பு, டெட்டால் விடாதீர்கள். நல்ல கிருமிகள் அழியும்.

4. கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. டாக்டரிடம் காட்டுங்கள்.

5. அடிவயிற்று வலி, காய்ச்சல், மாதவிடாய் நின்றபின் ரத்தம், கர்ப்பத்தில் நீர்க்கசிவு: அன்றே டாக்டரிடம் கிளம்புங்கள்.